கோழிக்கு வழி சொன்னவர்

எங்கள் பக்கத்து வீட்டு மாமா எங்கே வந்தாலும் முதலில் அவர் குரல் வரும். ஆள் பின்னால்தான் வருவார். "நான்தான் வாரேன். கையில மம்பட்டி இருக்கு. செவுத்த ஒட்டி வாரேன்" என்று சொல்லிக்கொண்டே வீட்டு மூலையைத் திரும்புவார். கொல்லையில் மனிதர் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார். புதிதாக வந்த விருந்தாளிகள் யாரிடம் பேசுகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். லயத்துக்காரர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் கோழியிடம் பேசுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயம் என்பது எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் ஒரே நீளக் கட்டடம். மூன்றாம் வீடு மாமாவுடையது, நான்காம் வீடு எங்களுடையது. மாமா தோட்டத்து டிராக்டர் ஓட்டினார். அத்தை என் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போவார். எங்களுக்குள் ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்ததால் மாமா, அத்தை. அவர்கள் வீட்டுத் தாளிப்பு எங்களுக்குத் தும்மல் கொண்டுவரும் அளவுக்கு அந்தச் சுவர் மெல்லியது.

இப்போது அவர் ஓய்வு பெற்று, மலையிறங்கி, மகள் வீட்டோடு போய்விட்டார். நானும் ஊரைவிட்டு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். வகுப்பில் யாராவது மேசையை இழுத்துப் போட்டுவிட்டுப் போனால், முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் அவரை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன்: வைத்த பொருளை வைத்த இடத்தில் விட்டுவைக்காதவர்களோடு அவருக்கு ஒத்துப்போகாது.

குரல் கொடுத்துக்கொண்டே வருகிற குணம் கோழியோடு வந்ததில்லை, டிராக்டரோடு வந்தது. எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் மஞ்சு இறங்கினால் டிராக்டரின் மூக்கே டிரைவருக்குத் தெரியாது. கொழுந்து மூட்டைகளோடு பின்பெட்டியில் உட்கார்ந்து வரும் பெண்களுக்கு உயிர் கையில் இருக்கும். மாமா தலையை வெளியே நீட்டி, சாலையை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். "இப்பம் பாலம். இப்பம் சவுக்கு மரம். இப்பம் இடது பக்கம் பள்ளம், யாரும் அந்தப் பக்கம் சாயாதீங்க." அம்மா சொல்லுவாள், பள்ளம் இருப்பது தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போவதுதான் அதிகப் பயம் என்று. ஆனாலும் வேறு டிரைவர் வண்டியில் ஏறமாட்டாள்.

ஒருமுறை மஞ்சில் மாட்டிக்கொண்ட ஒரு கார் எங்கள் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே மதுரைக்காரக் குடும்பம். மூணாறுக்கு வழி கேட்டார்கள். மாமா நிதானமாகச் சொன்னார்.

"நேரா போங்க. இடது காதுல தண்ணி விழுற சத்தம் கேக்கும். அது நின்னதும் மெதுவாப் பத்து எண்ணுங்க. தேயிலை வறுக்குற வாசம் அடிக்கும். அடிச்சதும் வலது."

ஓட்டியவர் தலையாட்டிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அதே கார் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

"என்னண்ணே நீங்க, சத்தமும் இல்ல, வாசமும் இல்ல."

மாமா காரைச் சுற்றிப் பார்த்தார். "நாலு கண்ணாடியும் ஏத்தி விட்டுருக்கீங்களே தம்பி. காதையும் மூக்கையும் அடைச்சுக்கிட்டு வழி கேட்டா நான் என்ன செய்ய?"

கோழி விஷயத்துக்கு வருகிறேன். அத்தை ஒன்பது கோழி வளர்த்தார். ஒரு மழைக்காலத்தில் அவற்றுக்கு அம்மை போட்டது. கொண்டை, அலகு, இமை எல்லாம் கொப்புளம். அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினார். மூன்று போய்விட்டன. ஐந்து தேறின. செவத்தா என்று கூப்பிடும் செந்நிறக் கோழி மட்டும் இரண்டுக்கும் நடுவில் நின்றது. புண் உதிர்ந்தபோது இரண்டு கண்ணும் மூடியிருந்தன. பிறகு திறக்கவே இல்லை.

"ஞாயித்துக்கெழம கொழம்பு வச்சிரலாம்" என்றார் அத்தை.

"அம்மை வந்ததத் திங்கக்கூடாது" என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு, "மெலிஞ்சு கெடக்கு, எலும்புதான் மிஞ்சும்" என்றார். அதற்கடுத்த ஞாயிறு, "இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கு, அதுக்குள்ளயா?" என்றார். நான்காவது ஞாயிறு செவத்தா ஒரு முட்டையிட்டது. மாமா அதை உள்ளங்கையில் வைத்து லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அத்தை அதோடு கேட்பதை விட்டுவிட்டார்.

மற்ற கோழிகள் செவத்தாவைக் கொத்தின. தீனியைத் தட்டிப் பறித்தன. மாமா ஒரு தகரத் தட்டும் ஒரு கரண்டியும் தனியாக எடுத்தார். தட்டில் மூன்று தட்டு தட்டினால் செவத்தாவுக்குச் சாப்பாடு. வெள்ளைக் கோழி ஒன்று மட்டும் அதைக் கொத்தாது என்று கண்டுபிடித்து, அதன் காலில் ஒரு சலங்கை மணியைக் கட்டினார். வெள்ளை போகும் இடமெல்லாம் மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு செவத்தா போகும்.

"கோழிக்குச் சலங்கை" என்றார் அத்தை என் அம்மாவிடம், மாமாவுக்குக் கேட்கிற மாதிரி. "கல்யாணம் ஆகி இருவத்தஞ்சு வருசம். என் காலுக்கு ஒரு கொலுசு உண்டான்னு கேட்டுப் பாரு."

"ஒனக்குக் கண்ணு தெரியுதில்ல" என்றார் மாமா.

சமையலறைக் கதவை ஒட்டி ஒரு மரப்பெட்டி, அதுதான் செவத்தாவின் கூடு. அதிலிருந்து இறங்கி, இடது பக்கம் திரும்பி, சுவரோரமாகப் போனால் துவைக்கிற கல். அதைத் தாண்டினால் தண்ணீர்ச் சட்டி. அதற்கும் அப்பால் விறகு அடுக்கு, அதன் நிழலில் மண் குளியல். ஒரு மாதத்தில் செவத்தா இந்த வழியைக் காலில் எழுதிக்கொண்டது. கண்ணுள்ள கோழி மாதிரி விறுவிறுவென்று போகும். அதற்கான விலையை லயமே கொடுத்தது. யாரும் அந்தக் கொல்லையில் ஒரு வாளியை மறந்து வைக்கக்கூடாது. எங்கள் அண்ணன் ஒருநாள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனான். மாமா சைக்கிளைத் தூக்கி எங்கள் அடுப்படிக்குள் கொண்டுவந்து வைத்தார். "இது இங்கன இருந்தா ஒங்களுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அதுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்குச் சைக்கிளைத் தாண்டித் தாண்டித்தான் சோறு வடித்தாள்.

அவர் செவத்தாவைத் தூக்கவே மாட்டார். ஒருநாள் வெள்ளைக் கோழியோடு போனது திசை தப்பி ஓடைப்பக்கம் நின்றது. நான் இரக்கப்பட்டு அள்ளிக்கொண்டு வந்து கூட்டுக்கு முன்னால் விட்டேன். அது நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"தூக்கினியா?"

"பாவம் மாமா, விழுந்திரும்னு."

"தூக்கினா அதுக்கு வழி அறுந்து போச்சு. வானத்துல இருந்து விழுந்த மாதிரி. பேச்சுக் குடு, பின்னாடியே வரும். ஒன்ன யாராச்சும் கண்ணக் கட்டித் தூக்கிட்டுப் போயி கம்பம்மெட்டுல விட்டா எப்படி இருக்கும்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு, அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் எழுதுவேன். ஆபீசிலிருந்து வருகிற காகிதம், ஆபீசுக்குப் போகிற மனு, லயத்தில் எல்லாமே என் கையைத் தாண்டித்தான். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. மூணாறில் கல்லூரியில் சேரப் போனபோது வீட்டில் ஒருவருக்கும் அந்த இடம் தெரியாது. மாமா ஏதோ சாமான் இறக்க ஒருதடவை போயிருக்கிறார். "படி பதினாலு. ஏறினதும் வலது பக்கம் ரெண்டாவது கதவு, அதான் ஆபீசு" என்று சொல்லி அனுப்பினார். படி பதினான்குதான். இரண்டாவது கதவைத் திறந்தேன், கழிப்பறை. ஆபீசை மாடிக்கு மாற்றியிருந்தார்கள். திரும்பி வந்து சொன்னேன். மாமா சிரிக்கவில்லை.

"ஆபீச மாத்துறவன் ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?"

நான் இரண்டாம் வருடம் படித்தபோது எங்கள் லயத்தின் பின்சுவர் மழையில் விரிசல் விட்டது. எல்லாரையும் மேட்டில் இருந்த இன்னொரு லயத்துக்கு மாறச் சொன்னார்கள். யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு மறுபடியும் நான்காம் வீடு. அத்தை சீட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார். "ரெண்டு" என்றேன். அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் வீட்டு வாசலில்தான் அந்த லயத்தின் ஒரே தண்ணீர்க் குழாய். பழைய லயத்தில் குழாய் மேட்டுக்குக் கீழே. காலையில் கொழுந்துக்குப் போவதற்கு முன் நான்கு குடம், வந்த பிறகு நான்கு குடம் என்று கல்யாணமான நாளிலிருந்து அத்தை இடுப்பில் சுமந்தவர். "இனிமே வாசல்ல நின்னுக்கிட்டே பிடிப்பேன்" என்று அன்றைக்கு முழுக்க எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மாமாவின் கவலை வேறு. செவத்தாவுக்கு வழி அறுந்துவிடக்கூடாது.

"எல்லா லயமும் ஒரே மாதிரிதான மாமா" என்றேன். "அளந்து எடுத்துக்கிட்டுப் போயி அதே மாதிரி வச்சிருவோம்."

எங்கள் தோட்டத்தில் பிறந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு லயத்தைப் பார்த்தவன் எல்லா லயத்தையும் பார்த்தவன். நான் கிராப் தாளில் கொல்லையை வரைந்தேன். கூட்டிலிருந்து கல் எத்தனை சாண், கல்லிலிருந்து சட்டி எத்தனை சாண் என்று அளந்து குறித்தேன். குடிபோகும் நாளில் மற்றவர்கள் டிவியையும் பீரோவையும் ஏற்றினார்கள். மாமா டிராக்டரில் முதலில் ஏற்றியது துவைக்கிற கல்.

"என்னண்ணே, மேட்டுல கல்லு கெடைக்காதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"கெடைக்கும். இந்தக் கல்லு கெடைக்காது."

புது வீட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றோம். இடது பக்கம் துவைக்கிற கல் என்றது என் தாள். இடது பக்கம் மூன்றாம் வீட்டோடு சேர்ந்த தடுப்புச் சுவர் நின்றது. காலி இடம் முழுக்க வலது பக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லயத்து வீடுகள் அடுத்தடுத்து இடம் வலம் மாற்றிக் கட்டியவை. ஒற்றைப்படை வீடெல்லாம் ஒரு கை, இரட்டைப்படை வீடெல்லாம் மறு கை. மாமா வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் எதிரெதிர் ஓரங்களில் இருந்ததை இருபது வருடம் பார்த்தும் அதை ஒரு வித்தியாசமாக நான் நினைத்ததே இல்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள் மறுபக்கம் தெரிந்தன. "இதுல என்ன இருக்கு, திருப்பிப் போட்டாப் போதும்" என்றேன். கல், சட்டி, விறகு எல்லாம் அதே அளவில் வலது பக்கம் வைத்தோம். பழைய கொல்லையைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது.

"படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்" என்றார் அத்தை.

என் பெருமை அரை மணி நேரம் நீடித்தது. மாமா கூட்டைத் திறந்து, தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தட்டை மூன்று தட்டுத் தட்டினார். செவத்தா இறங்கியது. சத்தம் வலது பக்கம் இருந்து வந்தது. அதன் கால் இடது பக்கம் திரும்பியது. விறுவிறுவென்று போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி தட்டினார். மறுபடி முட்டியது. வெள்ளைக் கோழி மணியோடு வலது பக்கம் ஓடியது. செவத்தா சத்தத்துக்குக் கழுத்தைத் திருப்பியது, காலைத் திருப்பவில்லை.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார்.

"தப்பு ஒன் மேல இல்ல மருமகளே. நமக்குத்தான் இது அதே வீடு."

இரண்டாம் நாள் செவத்தாவின் கொண்டையில் ரத்தம். மூன்றாம் நாள் அது பெட்டியைவிட்டு இறங்கவில்லை. கையில் தவிடு வைத்து நீட்டினார். இரண்டு கொத்து கொத்திவிட்டுத் தலையை இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. நான் லயத்தின் பின்பக்கம் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்து மாமாவிடம் சொன்னேன். "ஒத்தப்படை வீடு கெடைச்சா சரியா இருக்கும் மாமா."

மாமா வாசல் குழாயைப் பார்த்தார். அத்தை அங்கே ஈயக்குடத்தை வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. மூலையைத் திரும்பும்போது குரல் இல்லாமல் வந்தார். கையில் மண்வெட்டியோடு சத்தமில்லாமல் வந்து நின்றபோது என் அம்மா பயந்து அலறினாள். டிராக்டரில் வந்த பெண்கள், மஞ்சில் முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டு வந்ததுபோல் இருந்ததாகச் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. அத்தை என்னிடம் வந்தார்.

"அந்த மனுசன்கிட்ட நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அத்தை குழாயைப் பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, "வா" என்றார். ஒன்றாம் வீட்டில் கேட்டோம். மூன்றில் கேட்டோம். ஐந்தில் கேட்டோம். பால் காய்ச்சியாகிவிட்டது, இனி மாற மாட்டோம் என்றார்கள். கடைசியாக ஏழாம் வீடு. புது லயம் சரிவில் படிப்படியாக ஏறுகிற கட்டடம். ஏழாம் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவதென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு படி ஏற வேண்டும். அந்த வீட்டு அக்கா சீட்டை எடுத்த நாளிலிருந்து அதைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் குழாயடி வீடு வேணுமா?" என்றார் அத்தை.

"எதுக்கு இப்படிக் கேலி பண்ணுதீங்க?"

"கேலி இல்ல. மாத்திக்கிருவோம்."

அக்கா அத்தையை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வீட்டுல ஏதாச்சும் இருக்கா?"

"ஒரு குருட்டுக் கோழி இருக்கு. பயப்படாத, அத நாங்க கூட்டிட்டு வந்திருவோம்."

"பால் காய்ச்சிட்டேனே."

"இன்னொரு பாக்கெட்டு காய்ச்சு."

திரும்பி இறங்கும்போது நான் மெதுவாகக் கேட்டேன், "மாமா கேட்டாரா அத்த?"

"கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லிருப்பேன். கேக்கலயே. கோழி கெடக்கட்டும். இந்த மனுசன் பேசாம இருந்தா வீட்டுல யாரு எங்கன இருக்கான்னே எனக்குத் தெரியமாட்டேங்குது."

மனுவை மலையாளத்தில் நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. அத்தை, "உள்ளத எழுது" என்றார். எழுதினேன். மறுநாள் காலை ஆஜர் எடுக்கும் இடத்தில் பீல்டு ஆபீசர் அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுமுறை படித்தார்.

"கண்ணு காணாத்தது ஆர்க்கா? பர்த்தாவினோ?" கண் தெரியாதது யாருக்கு, புருசனுக்கா என்று மலையாளத்தில் கேட்டார்.

"அவருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும் சார்" என்றார் அத்தை. "ரெண்டும் கோழி மேலதான்."

ஆபீசர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாமாவுக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். வரிசையில் நின்றவர் அத்தையைப் பார்த்தார். அத்தை கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, "வேலைக்குப் போகலயா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

சாயங்காலம் துவைக்கிற கல் இரண்டாம் தடவை டிராக்டரில் ஏறியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, முதுகு வலிக்கிறது என்று திட்டினார்கள். தாளை நேராகப் பிடித்தேன். இடது பக்கம் கல், சட்டி, விறகு. வேடிக்கை பார்க்க லயம் முழுக்க வந்துவிட்டது. குழந்தைகளை மாமா வாயில் விரல் வைத்து அடக்கினார். கூட்டைத் திறந்தார். தட்டவில்லை. வெறுமனே தள்ளிப் போய் நின்றார்.

செவத்தா வெகுநேரம் வாசலில் நின்றது. ஒரு காலை இறக்கியது. மறுகாலை இறக்கியது. இடது பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்து நின்றது, முட்டுவதற்குத் தயாராகக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு. ஒன்றும் முட்டவில்லை. இன்னும் இரண்டு எட்டு. துவைக்கிற கல்லில் இறக்கை உரசியது. அங்கிருந்து அது நடக்கவில்லை, ஓடியது. சட்டி விளிம்பில் சரியாக நின்று, அலகை முக்கி, தலையைத் தூக்கி விழுங்கியது.

ஏழாம் வீட்டு அக்கா, அதாவது அன்று காலையிலிருந்து இரண்டாம் வீட்டு அக்கா, அத்தையின் காதருகே வந்தார்.

"அப்பம் வீடு உறுதிதான? நாளைக்கு வந்து மாத்திக்குடுன்னு கேக்கக்கூடாது."

செவத்தா மறுபடி முக்கி, மறுபடி தலையைத் தூக்கியது.

"ரெண்டு தடவ தலையாட்டிட்டாளே, பாத்தேல்ல?" என்றார் அத்தை. "போயிப் பாலக் காய்ச்சு."

அக்கா சிரித்துக்கொண்டே இறங்கினார். அத்தை குடத்தைத் தேடித் திரும்பினார். இரண்டு குடமும் அங்கே இல்லை. லயத்தின் முன்பக்கம், சரிவில், ஒரு குரல் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நான்தான் வாரேன். ரெண்டு கையிலயும் கொடம் இருக்கு. ஆறாம் வீடு, கொஞ்சம் ஓரம். அஞ்சாம் வீடு, வாளிய எடுங்க. நாலாம் வீடு..."